கட்டிலைச் சுமந்தவர்கள்



அண்மையில் எங்கள் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பு நாளில், என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்ட பின்னரும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தார். மற்றப் பெற்றோர்கள் நகர்ந்த பிறகு, தம் கணவருக்குப் புற்றுநோய் எனக் கண்டறிந்திருப்பதாகத் தாழ்ந்த குரலில் கூறினார். பின்னர், "டீச்சர், உங்க வீட்டிலயும் இதே கஷ்டம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். நீங்க எப்படித் தாங்குனீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் கடவுள் துணைதாம்மா" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் கண்களைத் துடைத்துக்கொண்டு போனார். வீடு திரும்பிய பின் எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சொன்னது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அந்தத் துணை எப்படி வந்தது, எங்கே அதனைத் தவறாகப் புரிந்துகொண்டேன், அந்தத் தவறால் யார் துன்புற்றார் என்பதையெல்லாம் மறைத்துவிட்டு, ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் தாயாருக்கு அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கு எழுதுகின்றேன்.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவருக்கு அப்போது வயது 49. பிறை தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றுகிறார். பல மாதங்களாகவே மலத்துடன் இரத்தம் சென்றிருக்கிறது. மூலம் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, நண்பர்கள் சொன்ன நாட்டு மருந்தைச் சாப்பிட்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவே கூச்சப்பட்டிருக்கிறார். குழாய் வழியாகக் குடலினுள் பார்க்கும் சோதனையில்தான் கட்டி தெரிந்தது.

நம் நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான் என்பதனை நான் அதன் பின்னரே அறிந்தேன். இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்கு உடல்நலக் கல்வியைப் போதித்த எனக்கு, என் வீட்டில் இருந்தவரின் உடல்நலம் தெரியாமல் போயிற்று!

மார்ச் மாதத்தில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய நாள் பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். அவர் எண்ணெய்ச் சிமிழைத் திறந்ததும் என் மாமியார் உரக்க அழத் தொடங்கிவிட்டார். அவருடைய இளமைக் காலத்தில் அந்த அருளடையாளத்திற்கு அவஸ்தைபூசுதல் என்று பெயர். உயிர் பிரியும் நேரத்தில் மட்டுமே குருவானவர் வருவார். ஆதலால், "எம் புள்ளைக்கு முடிஞ்சு போச்சா ஃபாதர்?" என்று கதறினார்.

பங்குத்தந்தை அவரை அமரவைத்துப் பொறுமையாக விளக்கினார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இந்நிலை மாறிவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இச்சடங்கைச் சீரமைத்தார். கடும் நோயுற்றோர், பெரிய அறுவை சிகிச்சைக்குச் செல்வோர், முதுமையால் தளர்ந்தோர் ஆகியோர்க்கும் இன்று இது வழங்கப்படுகிறது. ஒருமுறை பெற்றவர் மீண்டும் பெறலாம். இதனைக் கேட்ட பிறகே மாமியார் சற்று அமைதியடைந்தார். என் கணவரோ, "அம்மா, நாளைக்கு டாக்டர் வெட்டுறதுக்கு முன்னாடி நீங்களே என்னை அனுப்பி வச்சுடுவீங்க போலிருக்கே" என்றார். அன்று எல்லோரும் சிரித்தோம். அதன்பின் எங்கள் வீட்டில் சிரிப்பொலி கேட்கச் சில மாதங்கள் ஆயின.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வெட்டியெடுத்த பகுதியை ஆய்வு செய்தபோது, அருகிலிருந்த நிணநீர்க் கணுக்களிலும் புற்று பரவியிருந்தது. அதாவது மூன்றாம் நிலை. கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத அணுக்கள் உடலில் தங்கியிருக்கலாம் என்பதால் கீமோதெராப்பி வேண்டும் என்றார் மருத்துவர். மூன்று வாரத்திற்கு ஒரு சுற்று. முதல் நாள் மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். அன்றிலிருந்து 14 நாள்களுக்குக் காலையும் மாலையும் மாத்திரை. பிறகு ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்றுகள்.

மே மாதம் 2ஆம் தேதி முதல் சுற்று. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் பினாங்குப் பாலத்தில் தொழிற்சாலைப் பேருந்துகளின் நெரிசலுக்கு முன் தீவை அடையலாம். 1985இல் திறக்கப்பட்ட அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் எத்தனையோ முறை உல்லாசமாகச் சென்றிருக்கிறோம். அந்த ஆண்டில் பாலத்தின் ஒரு முனையில் தொடங்கிய செபமாலை மறு முனையை அடையும் முன்னரே வாயில் நின்றுவிடும். இருவரும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டே போவோம்.

நரம்பில் ஏற்றும் அம்மருந்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஏற்றிய பின் சில நாள்களுக்குக் குளிர்ந்த எதனையும் தொட இயலாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போலிருக்கும். குளிர்ந்த நீர் ஒரு மிடறு இறங்கினாலும் தொண்டை இறுகிவிட்டதைப் போன்ற திகில் ஏற்படும். நம் நாட்டு வெயிலில் அவர் காலுறையும் கையுறையும் அணிந்து, வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பார். மாத்திரையால் உள்ளங்கைத் தோல் சிவந்து உரியத் தொடங்கியது. சம்பல் தாளிக்கும் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டார். நான்தான் பொறுமை இழந்தேன்.

என் செபம் எப்படியிருந்தது என்பதனை வெட்கத்துடன் சொல்கின்றேன். பசாரில் மீன் வாங்குவதைப் போலக் கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் நோன்பு இருக்கின்றேன், இத்தனை நவநாள் செய்கின்றேன், இவரைக் காப்பாற்றும் என்பதே என் செபம். அப்பேரத்தில் என் பிள்ளையையும் சேர்த்துவிட்டேன்.

என் மகள் அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி. அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டபோது, "நீ தினமும் முழங்கால் போட்டுச் செபம் பண்ணு, அப்பாவுக்குச் சரியாயிடும்" என்று கூறினேன். பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அதுதான் என்று நினைத்தேன். அவளும் அப்படியே செய்து வந்தாள்.

ஜூன் மாதம், மூன்றாம் சுற்று முடிந்த சில நாள்களில் ஓர் இரவு அவருக்குக் காய்ச்சல் கண்டது. கீமோதெராப்பி எடுப்போருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். ஆகவே 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று முன்பே அறிவுறுத்தியிருந்தார்கள். வெப்பமானி 38.4 காட்டியது. கைகால் நடுங்க அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். மலாய்க்கார அண்ணன் ஒருவர் அங்குக் குடியிருக்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே புறப்பட்டார். நாங்கள் வாசலில் இறங்கும்போது என் மகள் படியில் அமர்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி நான் செபம் பண்ணாம தூங்கிட்டேம்மா. அதனாலதான் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு."

அந்த நேரத்தில் அவளைக் கட்டியணைக்கக்கூட எனக்குக் கால அவகாசமில்லை. மாமியாரிடம் அவளை ஒப்படைத்துவிட்டுக் காரில் ஏறினேன். பாலத்தைக் கடக்கும் வரை அவ்வார்த்தைகளே காதில் ஒலித்தன. பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு மனிதரின் உயிரை ஏற்றி வைத்தவள் நான்தானே! கிருமியெதிர்ப்பு மருந்தினால் காய்ச்சல் நான்கு நாள்களில் இறங்கியது. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கவில்லை.

அடுத்த மாதம் அதே தவறு பெரியவர்களிடமும் நிகழ்ந்தது. நான்காம் சுற்றின்போது என் கணவர் மிகவும் தளர்ந்துவிட்டார். உறவினர் ஒருவர் நல்லெண்ணத்துடன் எங்களை வேறோர் ஊரில் நடந்த குணமளிக்கும் செபக்கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த போதகர் இவர் தலையில் கைவைத்துச் செபித்து, நோய் நீங்கிவிட்டதாக அறிவித்தார். இனியும் மருந்து உண்பது விசுவாசக் குறைவு என்றும், மருந்தை விடுவதே சாட்சி என்றும் கூறினார்.

மறுநாள் காலையில் மாத்திரைகள் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன. நான் தடுக்கவில்லை. அதனை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நாள்களாக அவர் வாந்தியெடுக்கவில்லை, கொஞ்சம் சோறு சாப்பிட்டார். எனக்கு அது புதுமையாகவே தோன்றியது. மருந்து நின்றதால் மருந்தின் தொல்லையும் நின்றது என்பது படித்த எனக்குத் தெரியாததன்று. தெரிந்துகொள்ள விரும்பவில்லை. இவ்வாறு ஐந்து நாள்கள் கழிந்தன. ஐந்தாம் சுற்றுக்கு ஜூலை 25ஆம் தேதி வரச்சொல்லியிருந்தார்கள். "நான் வரல, அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு" என்றார்.

ஜூலை மாதம் என்றால் புக்கிட் மெர்தாஜாம் மக்களுக்குப் புனித அன்னாள் திருவிழாதான். மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி என வணங்கப்படும் அன்னாளின் திருநாள் ஜூலை 26. குன்றின்மீதுள்ள பழைய ஆலயம் 1888ஆம் ஆண்டினது. பெரிய புதிய ஆலயம் 2002இல் எழுந்தது. 2019இல் பசிலிக்கா என்னும் தகுதியும் கிட்டியது. திருவிழா நாள்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் மக்கள் திரள்வர். சீனர், தமிழர், இந்துக்கள், பௌத்தர்கள் என்ற வேறுபாடின்றி மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பர்.

25ஆம் தேதிக்கு இரண்டு நாள்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் தனியாக அங்குச் சென்றேன். செபிக்கச் சென்றேன் என்று சொல்ல முடியாது. சண்டையிடவே சென்றேன். கூட்டத்தில் ஓரமாக நின்றபோது, "டீச்சர்!" என்ற குரல் கேட்டது. என் மாணவி ஒருத்தியின் பாட்டி. நெற்றியில் திருநீறும் குங்குமமும் இட்டிருந்தார். கையில் எரியும் மெழுகுவர்த்தி.

"நீங்க இங்கயா பாட்டி?" என்றேன்.

"நான் வருசா வருசம் வருவேம்மா. இந்த வருசம் உங்க வீட்டுக்காரருக்குத்தான் ஏத்துறேன். பேத்தி சொல்லுச்சு, டீச்சர் வகுப்புல சிரிக்கிறதே இல்லைன்னு. போன மாசம் மாரியம்மனுக்கும் வேண்டிக்கிட்டேன். உங்களுக்கு இப்ப கும்பிடவே மனசு வராது. எனக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்தப்ப எனக்கும் வரல. நாங்க கும்பிட்டுக்கிறோம். நீங்க அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுங்க, போதும்."

அந்த முதியவர் அங்கேயே நின்று, மெழுகுவர்த்தி பாதியாகக் கரையும் வரை காத்திருந்துவிட்டுத்தான் சென்றார். நான் ஒரு வார்த்தையும் பேச இயலாமல் நின்றேன்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் கட்டிலோடு சுமந்து வருகின்றனர். கூட்டத்தால் உள்ளே நுழைய முடியவில்லை. வீட்டின் கூரையைப் பிரித்துக் கட்டிலை இயேசுவின் முன் இறக்குகின்றனர். மறைக்கல்வி வகுப்பில் இக்கதையைப் பலமுறை சொல்லியிருக்கின்றேன். கூரையைப் பிரிக்கும் படத்தை மாணவர்கள் விரும்பி வரைவார்கள். ஆனால் அன்று மாலைதான் ஒன்றைக் கவனித்தேன். இயேசு பார்த்ததாக அங்கே சொல்லப்படுவது படுத்திருந்தவரின் நம்பிக்கையை மட்டுமன்று; சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை. படுத்திருந்தவர் நம்பினாரா, எவ்வளவு நம்பினார் என்று எவரும் அளந்து பார்த்ததாக இல்லை. அவரால் முடிந்ததெல்லாம் கட்டிலில் கிடந்ததுதான்.

நானோ, கட்டிலில் கிடந்த கணவரையும் பத்து வயது மகளையும், 'நீங்கள் போதுமான அளவு நம்பினால்தான் குணம்' என்ற நிலையில் வைத்திருந்தேன். அந்தப் போதகரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? அவர் மேடையில் சொன்னதைத்தானே நான் ஒரு மாதத்திற்கு முன்பே என் வீட்டுக்குள் சொல்லியிருந்தேன்!

திருப்பலி முடிந்ததும் குருவானவர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி, மருந்தை விடுவது விசுவாசமா என்று கேட்டேன். அவர் விவிலியத்திலிருந்தே பதில் சொன்னார். எசேக்கியா மன்னர் சாகும் தறுவாயில் சுவரின் பக்கம் திரும்பி அழுது மன்றாடுகிறார். கடவுள் அவர் மன்றாட்டைக் கேட்டதாக அறிவிக்கும் அதே எசாயா இறைவாக்கினர்தான், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் வைக்கச் சொல்கிறார். மன்றாட்டும் மருந்தும் ஒரே வீட்டில், ஒரே நாளில் இருந்தன. சீராக்கின் ஞான நூலில் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தும் ஆண்டவரின் படைப்பே என்கிறது. இவ்விரண்டையும் வீட்டில் போய் வாசிக்கச் சொன்னார்.

பிறகு நானே யோசித்துப் பார்த்தேன். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் விசுவாசம் இல்லாதவரா? நம் பினாங்கில் தஞ்சோங் பூங்காவில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவர்கள் பிரான்சிஸ்கன் கன்னியர்கள்தாமே! நம்பிக்கை மருந்துக்கு எதிரி என்றால், நம்பிக்கையுள்ளவர்கள் ஏன் ஊர்தோறும் மருத்துவமனை கட்டினார்கள்?

அன்றிரவு கணவரிடம் பேசினேன். வாதிடவில்லை. "என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. குணமாயிட்டதா நீங்க நம்புறீங்களா?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "நம்பிக்கை அதிகமாகி விடல. களைச்சுப் போயிட்டேன். அதை வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றார். அதன்பின் இருவரும் அழுதோம். திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

25ஆம் தேதி மருத்துவரிடம் எதனையும் மறைக்காமல் கூறினோம். திட்டுவார் என்று அஞ்சினேன். அவர் திட்டவில்லை. இரத்தப் பரிசோதனையில் அணுக்கள் குறைந்திருந்ததால் ஒரு வாரம் தள்ளி வைத்தார். மருந்தின் அளவையும் சற்றுக் குறைத்தார். வாந்திக்கு வேறு மாத்திரை கொடுத்தார். "செபத்தையும் நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். தாங்க முடியவில்லை என்றால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். அதற்கு வழி இருக்கிறது" என்றார். களைப்பைச் சொல்லியிருந்தால் இரண்டு வாரங்களுக்கு முன்பே அந்த வழி கிடைத்திருக்கும்!

அதன் பிறகும் நாள்கள் எளிதாகிவிடவில்லை. ஆனால் நான் செபித்த விதம் மாறியது. பேரம் பேசுவதை விட்டேன். வார்த்தைகள் வராத இரவுகளில் 88ஆம் திருப்பாடலை வாசிப்பேன். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பும். அது மட்டும் இருளிலேயே முடிகிறது. அதுவும் செபமென விவிலியத்தில் இடம்பெற்றிருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் அவர்களைப் பற்றியும் அக்காலத்தில் படித்தேன். கிறிஸ்தவ நம்பிக்கையை உலகுக்கு எடுத்துரைத்த பேரறிஞர். 1957 மார்ச்சில், புற்றுநோயால் மருத்துவமனையில் படுத்திருந்த ஜாய் டேவிட்மன் அவர்களை, அந்தப் படுக்கையருகிலேயே கிறிஸ்தவ முறைப்படி மணந்தார். நோய் சில காலம் தணிந்திருந்து மீண்டும் வந்தது. 1960 ஜூலையில் அவர் மறைந்தார். அதன்பின் லூயிஸ் எழுதிய துயரக் குறிப்புகள் 1961இல் நூலாக வந்தபோது, தம் பெயரைக்கூடப் போடாமல் புனைபெயரில் வெளியிட்டார். கடவுள்மீது கோபமும் ஐயமும் அதில் மறைக்கப்படாமல் இருக்கின்றன. அத்தகையவருக்கே அந்நிலை என்றால், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு என்ன வெட்கம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மீதியிருந்த நான்கு சுற்றுகளையும் முடிக்க எங்களைச் சுமந்தவர்கள் பலர். என் வகுப்புகளை முகம் சுளிக்காமல் ஏற்று நடத்திய சக ஆசிரியர்கள். வாரந்தோறும் காரமில்லாத ரசமும் கஞ்சியும் கொண்டுவந்து, பேச்சுக் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போன செபக்குழு அக்காமார்கள். இரவில் கார் ஓட்டிய அடுத்த வீட்டு அண்ணன். அந்தப் பாட்டி.

செப்டம்பர் 30ஆம் தேதி எங்கள் மறைமாவட்ட ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் அவர்கள் உரோமையில் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். கடைசிச் சுற்றுக்கு மூன்று நாள்களே இருந்தன. அன்று மாலை காலுறையோடு அமர்ந்து அந்நிகழ்ச்சியை முழுவதும் பார்த்தார் என் கணவர். பல வாரங்களுக்குப் பிறகு அவர் தம் நோயைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசினார்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் கூறுகிறார். நான்காமவரை 'உழைச்செல்வான்' என்கிறார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இச்சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றேன். அதன் கனத்தை உணர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அருகிலிருப்பவர் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் சிலர் வேண்டும். எனக்கு அவர்களைக் கடவுள் அனுப்பினார் என்று நான் நம்புகின்றேன். வேறு விதமாக நம்புவோரும் இருக்கலாம். கஞ்சி கொண்டுவந்தவர்கள் வந்தது உண்மை.

இப்பொழுது என் கணவர் வேலைக்குச் செல்கிறார். கால்விரல்களில் மரத்துப்போன உணர்வு இன்னும் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை இரத்தச் சோதனையும் உடல் ஊடுகதிர்ப் படமும் உண்டு. முடிவு வரும் வரை இருவருக்கும் உறக்கம் இராது. ஐந்தாண்டுகள் கடக்கட்டும் என்கிறார் மருத்துவர். ஆகவே இதனை நான் சாட்சியம் என்று எழுதவில்லை. அதே மருந்தறையில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் மனைவி என்னைவிட அதிகமாகச் செபித்தவர். அவருடைய நம்பிக்கை குறைவு என்று யாரேனும் கூறினால் நான் ஏற்கமாட்டேன். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணம் அகலவேண்டுமென மன்றாடினார். அது அகலவில்லை. அவருடைய நம்பிக்கையிலா குறை இருந்தது?

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன். உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ, பெற்றோர் நோயுற்ற பிள்ளை இருந்தால், 'நீ சாமி கும்பிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். நோய் முற்றும்போது, தன் பிரார்த்தனையில்தான் பிழை என்று அப்பிள்ளை எண்ணும். நோய்க்கு என்ன பெயர், மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அதற்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள். 'இது உன்னால் வந்ததும் அல்ல, உன்னால் கூடுவதும் அல்ல' என்று சொல்லுங்கள். செபிக்க விரும்பினால் கூடவே அமர்ந்து செபியுங்கள்.

இதனை என் மகளிடம் சொல்ல எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. "அம்மா சொன்னது தப்பு. அப்பாவைக் காப்பாத்துறது உன் வேலை இல்ல. நீ தூங்குனாலும் கடவுள் தூங்கமாட்டார்" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப இன்னைக்குச் சீக்கிரம் தூங்கட்டுமா?" என்று கேட்டாள். அன்று எட்டரை மணிக்கே உறங்கிப்போனாள்.

இன்னொன்று. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் செய்யப்படுகிறது. கூச்சத்தை விட்டுச் சென்று பாருங்கள். சிகிச்சை நடக்கும்போது தாங்க முடியாவிட்டால், மாத்திரையை இழுப்பறையில் போடும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தாயாரைத் திங்கட்கிழமை பள்ளி வாசலில் மீண்டும் சந்தித்தேன். இந்த முறை கடவுளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் கணவருக்கு எந்தெந்த நாள்களில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்நாள்களில் மாலை வகுப்பு முடிந்ததும் பையன் எங்கள் வீட்டில் இருப்பான். என் மகள் அவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதாகக் கூறியிருக்கிறாள். என் கணவரோ, காலுறை எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று அவரிடம் தாமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இறைவன் நம் இல்லங்கள் அனைத்தையும் காப்பாராக.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை